ஊராட்சிப் பட்டியலும் அதைச் சோதிக்கும் பொறியும்

கிராமக் கணக்கைச் சரிபார்ப்பது நமக்குப் புதிய வேலையன்று. பசலி ஆண்டு முடிவை ஒட்டி ஜமாபந்தி என்ற பெயரில் தாலுகா அலுவலகத்தில் கிராமக் கணக்குகள் வரிசையாக எடுத்து வைக்கப்படுவதையும், அடங்கலில் கண்ட விஸ்தீரணம் மற்றக் கணக்குகளோடு பொருந்துகிறதா, கூட்டுத்தொகை சரிதானா என்று வரி வரியாகப் பார்க்கப்படுவதையும் கிராமத்தில் வாழும் எவரும் அறிவர். 1980-ஆம் ஆண்டில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் நீக்கப்பட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். எனினும் ஜமாபந்தி நிற்கவில்லை. கணக்கை எழுதியவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு அவ்வளவு பயனுள்ளதாக இருந்துவந்திருக்கிறது.

இன்று கணக்கின் உருவம் மாறிவிட்டது. பயிர்ச்சேத நிவாரணப் பட்டியல், உழவர் பதிவேடு, வீடு கட்ட உதவி பெறுவோர் பட்டியல் ஆகியவை கணிப்பொறிக் கோப்புகளாகத் தயாராகி, ஒன்றிய அலுவலகத்திலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து சென்னைக்கும் நொடியில் போய்ச் சேருகின்றன. போகும் வேகத்தில் அவற்றைப் பார்ப்பார் இல்லை. பட்டியலில் நேர்ந்த ஒரு சிறு பிழை, மூன்று மாதங்கள் கழித்து ஒரு குடியானவர் வங்கி வாசலில் நின்று, "பணம் வரவில்லை" என்ற பதிலைக் கேட்கும்போதுதான் வெளிப்படுகிறது. எந்த அலுவலகத்தில் யார் செய்த பிழை என்று அப்போது கண்டுபிடிப்பது எளிதன்று.

இந்தக் குறையைப் போக்கும் வழிகளில் ஒன்று, கோப்பு அனுப்பப்படுமுன் அதைச் சோதித்துச் சொல்லும் ஒரு சிறு பணியை அமைத்து வைப்பதாகும். அத்தகைய பணி ஒன்றைக் கோடம்பாக்கத்தில் ஓர் அறையில் அமர்ந்து நாம் அமைத்தோம். அதை எவ்வாறு கட்டினோம், எவ்வாறு சோதித்தோம், அதனால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பவற்றை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் தெரிந்துகொள்வது நலம். பட்டியலில் இருக்கும் பெயர் அவர்களுடையது அல்லவா?

கோடம்பாக்கம் என்றவுடன் சினிமாதான் நினைவுக்கு வரும். ஊராட்சிக் கணக்குக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். ஊரக வளர்ச்சி, ஊராட்சித் துறை இயக்ககம் இருக்கும் சைதாப்பேட்டைப் பனகல் மாளிகை, இங்கிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிலையம் என்பது ஒரு தொடர்பு. மற்றொன்றும் உண்டு. படச்சுருள் காலத்தில், படத்தொகுப்பாளர் முடிவு செய்தபடி மூல நெகட்டிவை வெட்டும் வேலை ஒன்று இருந்தது. படச்சுருளின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணையும், தொகுப்பாளர் கையாண்ட பிரதியின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுப்பார்கள். மூலத்தை ஒரு முறை தவறாக வெட்டினால் மீண்டும் ஒட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. வெட்டுமுன் எண்ணைப் பார் என்பதே நம் பணியின் தத்துவமும்.

கோப்பில் நேரும் விபத்துக்கள்

பிழை என்றால் எழுத்தர் தவறாகத் தட்டியது என்றே நினைக்கிறோம். பாதிப் பிழை அப்படி வருவதன்று. எழுத்தர் சரியாகத் தட்டியதைக் கணிப்பொறி தானாகவே மாற்றிவிடுகிறது.

நம் நிலத்தின் புல எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் எண் புலத்தில் மூன்றாம் உட்பிரிவு என்பதை 5/3 என்று எழுதுகிறோம். எக்செல் போன்ற கணக்குத்தாளில் இதைத் தட்டினால், அது இதைத் தேதி என்று எண்ணி 'மார்ச் 5' என்று மாற்றிவிடும். கணிப்பொறி அமெரிக்க முறைத் தேதிக்கு அமைக்கப்பட்டிருந்தால் 'மே 3' என்று ஆகும். பிறகு அந்தக் கோப்பைப் பெறுகிறவருக்கு அந்த நிலம் 5/3-ஆ, 3/5-ஆ என்று தெரிய வழியில்லை. உட்பிரிவில் ஓர் எழுத்தும் சேர்ந்து 5/3ஏ என்று இருந்தால் மட்டும் அது தப்பும். 212/3 என்ற பெரிய எண்ணும் தப்பும். ஆகவே ஒரே கிராமத்தின் பட்டியலில் சிலருடைய நிலம் மட்டும் தேதியாகிக் கிடக்கும். இந்த விநோதம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் உலகக் குழுவினர், தங்கள் பெயர்ப்பட்டியலில் இருந்த 'செப்ட்-1', 'மார்ச்-1' போன்ற பெயர்கள் ஓயாமல் தேதிகளாக மாறியதால், 2020-ஆம் ஆண்டில் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். விஞ்ஞானிகள் பெயரை மாற்றிக்கொள்ளலாம். நம் புல எண்ணை நாம் மாற்ற முடியுமா?

வங்கிக் கணக்கு எண்ணின் கதியும் இதுவே. முன்னால் சுழியம் இருந்தால் அது விழுந்துவிடும். எண் பன்னிரண்டு இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால் முழு எண்ணைக் காட்டாமல், 'இத்தனையைப் பத்தின் இத்தனை மடியால் பெருக்குக' என்னும் சுருக்க வடிவில் காட்டும். அந்த நிலையில் கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமித்தால், பின் இலக்கங்கள் அடியோடு போய்விடும். பதினாறு இலக்க எண்ணாக இருந்தால், கணக்குத்தாள் பதினைந்து இலக்கங்களையே நினைவில் வைத்துக்கொண்டு, கடைசி இலக்கத்தைச் சுழியமாக்கிவிடும். ஆதார் எண் பன்னிரண்டு இலக்கம். ஆகவே அதுவும் இந்த ஆபத்துக்கு உட்பட்டது.

தமிழ் எழுத்துக்களின் விஷயம் தனியானது. பழைய எழுத்துருக்களில் தட்டிய பெயரை வேறு கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற குறிகள் தோன்றும். 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு யூனிகோட் முறையை ஏற்றுக்கொண்ட பின் இத்தொல்லை குறைந்தது என்றாலும் அடியோடு நீங்கவில்லை. யூனிகோடிலும் ஒரு நுட்பம் உண்டு. கோடம்பாக்கம் என்ற சொல்லின் முதல் எழுத்தாகிய 'கோ'வை இரண்டு விதமாகப் பதியலாம். 'க' என்பதோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். 'க'வோடு ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ இவை வெவ்வேறு சொற்கள். ஒரு பட்டியலில் கோவிந்தன் ஒரு விதமாகவும், மற்றொரு பட்டியலில் வேறு விதமாகவும் பதிந்திருந்தால், 'இந்தப் பெயர் இல்லை' என்று பொறி சாதிக்கும்.

விலாசத்தில் வரும் காற்புள்ளியும் தொல்லை தரும். இத்தகைய கோப்புகளில் ஒரு கட்டத்தையும் அடுத்த கட்டத்தையும் பிரிப்பது காற்புள்ளிதான். '12, வடக்குத் தெரு' என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் விலாசம் இரண்டாகப் பிரிந்து, அதற்கு வலப்புறமுள்ள யாவும் ஒவ்வொரு கட்டம் தள்ளிப் போகும். வங்கி எண் இருக்க வேண்டிய இடத்தில் பயிரின் பெயர் வந்து நிற்கும்.

பணியை அமைத்த விதம்

சோதிக்கும் நிரலை ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனியே கொடுத்துவிடலாமே என்று முதலில் எண்ணினோம். ஆனால் விதி மாறும்போதெல்லாம் ஒவ்வோர் இடத்திலும் அதை மாற்ற வேண்டும். ஓர் ஊரில் புது விதியும் மற்றோர் ஊரில் பழைய விதியும் நடக்கும். ஆகவே நிரலை ஒரே இடத்தில் வைத்து, இணையத்தின் வழியே கோப்பை அனுப்பினால் சில நொடிகளில் அறிக்கை திரும்பி வரும்படி அமைத்தோம். விதிகள் யாவும் நிரலுக்குள் புதைந்து கிடக்காமல், ஒரு தனிப் பட்டியலாக, படித்தால் எவருக்கும் புரியும் தமிழில் வைக்கப்பட்டன. 'புல எண்: எண்ணில் தொடங்க வேண்டும். தேதி வடிவில் இருக்கலாகாது' என்று அங்கே எழுதியிருக்கும்.

சோதனை படிப்படியாக நடக்கும். முதலில் கோப்பு திறக்கிறதா, எழுத்துக்கள் யூனிகோடில் உள்ளனவா என்று பார்க்கும். அடுத்துத் தலைப்பு வரிசை. பின்னர் ஒவ்வொரு கட்டமும். அதன் பின் ஒரே வரிசையில் உள்ள கட்டங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்பது. கடைசியில், கிராமக் குறியீட்டு எண் அரசின் பட்டியலில் உள்ளதா, வங்கிக் கிளைக் குறியீடு இன்று நடப்பில் உள்ளதா என்று வெளிப் பட்டியலோடு ஒப்பிடுவது.

கடைசிப் படியை வேண்டாத சுமை என்று எண்ணலாகாது. ஐ.எஃப்.எஸ்.சி. என்னும் கிளைக் குறியீடு பதினோர் இடங்கள் கொண்டது. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துக்கள், ஐந்தாவது சுழியம், எஞ்சிய ஆறும் கிளையைக் குறிப்பவை. இந்த வடிவத்தை மட்டும் பார்த்தால் போதாது. 1-4-2020 முதல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தது. சிண்டிகேட் வங்கியின் பழைய குறியீடுகள் 1-7-2021 முதல் செல்லாமற் போயின. பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய குறியீடு வடிவில் குற்றமற்றதாயிருக்கும். ஆனால் அது இல்லாத கிளை. கரூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தபோதும் நம் மாவட்டங்களில் பலருடைய கணக்குப் புத்தகங்கள் பழையனவாயின.

ஆதார் எண்ணில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அதன் கடைசி இலக்கம், முன்னுள்ள பதினோர் இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வைக்கப்படுவது. இதைச் சோதனை இலக்கம் என்பர். எளிய முறை ஒன்றைக் கொண்டு இதை விளக்கலாம். ஹான்ஸ் பீட்டர் லூன் என்ற அறிஞர் வகுத்த அந்த முறையே நம் வங்கி அட்டைகளின் எண்ணில் உள்ளது. 2461 என்ற எண்ணுக்குச் சோதனை இலக்கம் வேண்டும் என்க. வலப்புறமிருந்து ஒன்று விட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். 1 இரண்டாகிறது. 6 அப்படியே. 4 எட்டாகிறது. 2 அப்படியே. கூட்டினால் 18. அடுத்த பத்தின் மடங்கு 20. குறைவது 2. ஆகவே முழு எண் 24612. எழுத்தர் கைதவறி 24162 என்று தட்டிவிட்டால் என்ன ஆகும்? 6-ஐ இரட்டித்தால் 12. ஈரிலக்கம் வந்தால் அவ்விரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே 3. பிறகு 1, 8, 2. கூட்டினால் 14. வேண்டிய சோதனை இலக்கம் 6. ஆனால் எண்ணில் இருப்பது 2. பிழை அகப்பட்டுவிட்டது.

இம்முறையில் ஓர் ஓட்டை உண்டு. 09 என்பது 90 என்று இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே அது தப்பிவிடும். டச்சுக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969-இல் வெளியிட்ட முறை இந்த ஓட்டையையும் அடைத்தது. ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது தவறாமல் கண்டுபிடித்துவிடும். ஆதார் எண்ணில் உள்ளது வெர்ஹோஃப் முறையே. ஆனால் வேறோர் எண்ணையே மாற்றி எழுதினால், பத்தில் ஒன்று தற்செயலாகத் தேறிவிடும். ஒருவருடைய சரியான எண்ணை மற்றொருவர் பெயருக்கு எதிரே எழுதினால், சோதனை இலக்கம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பிழையைக் கண்ட இடத்தில் பொறியே திருத்திவிடட்டுமே என்று பலர் கேட்டார்கள். நாம் இணங்கவில்லை. 'மார்ச் 5' என்பதை 5/3 என்று அது திருத்தி, உண்மையில் அது 3/5 ஆக இருந்தால், ஒருவர் நிலத்தின் நிவாரணம் மற்றொருவர் நிலத்தின் மேல் ஏறிவிடும். ஆகவே பொறி சுட்டிக்காட்டும், அவ்வளவே. மூலப் பதிவைப் பார்த்து மனிதர் திருத்த வேண்டும். 'கோ'வின் இரண்டு வடிவங்களை ஒன்றாகக் கொண்டு ஒப்பிடுவது மட்டும் விதிவிலக்கு. அதனால் எவருக்கும் கேடில்லை.

அறிக்கையின் மொழிக்கு நாம் அதிக நேரம் செலவிட்டோம். 'பிழை எண் 417' என்று அச்சிட்டால் எழுத்தருக்கு என்ன பயன்? '17-ஆம் வரி, புல எண்: தேதியாக மாறியிருப்பதாகத் தோன்றுகிறது. பட்டாவைப் பார்த்துத் திருத்துக' என்று இருந்தால் அவர் உடனே வேலையைத் தொடங்கலாம். முதல் பிழையைக் கண்டவுடன் நின்றுவிடுவதும் கூடாது. அப்படி நின்றால் முப்பது பிழைக்கு முப்பது முறை கோப்பை அனுப்ப நேரும். எல்லாப் பிழைகளையும் ஒரே தடவையில் சொல்ல வேண்டும். தலைப்பு வரிசையே தவறாக இருந்தால் மட்டும் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். இல்லையேல் ஆயிரம் வரிக்கும் ஆயிரம் பிழை அச்சாகி, படிப்பவர் மிரண்டு போவார்.

சோதிப்பவரைச் சோதித்தல்

சரிபார்க்கும் பொறியே தவறு செய்தால் என்ன செய்வது? நல்ல கோப்பை நிராகரித்தால் உழவர் பணம் தாமதமாகும். கெட்ட கோப்பை ஏற்றால் எல்லாரும் நம்பி ஏமாறுவார்கள். பொறி இல்லாத நிலையைவிட இது மோசமானது, ஏனெனில் 'பொறி பார்த்துவிட்டது' என்று சொல்லி எவரும் மறுபடி பார்க்கமாட்டார்கள்.

ஆகவே நாம் முதலில் செய்தது குற்றமற்ற ஒரு சிறு கோப்பைத் தயாரித்ததே. அதிலிருந்து ஒரு பிழை மட்டும் கொண்ட பிரதிகள் பலவற்றை உண்டாக்கினோம். ஒன்றில் கணக்கு எண்ணின் முன் சுழியம் இல்லை. மற்றொன்றில் புல எண் தேதியாகியிருக்கிறது. ஒவ்வொன்றையும் பொறியிடம் கொடுத்தால், எதிர்பார்த்த அந்த ஒரே பிழையைச் சொல்ல வேண்டும். குறைவாகவும் சொல்லலாகாது, கூடுதலாகவும் சொல்லலாகாது. நிரலில் எந்த மாற்றம் செய்தாலும் இந்தக் கோப்புகள் அனைத்தும் மறுபடி ஓட்டப்படுகின்றன. வெளியிலிருந்து புதிய பிழை ஒன்று வந்தால், அதைப் போலவே ஒரு கோப்பைத் தயாரித்து இவற்றோடு சேர்க்கிறோம்.

எவரும் அனுப்பமாட்டார் என்று தோன்றும் கோப்புகளையும் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றுமே இல்லாத கோப்பு, தலைப்பு மட்டும் உள்ள கோப்பு, கடைசி வரி முடிவுபெறாத கோப்பு, தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி உள்ள கோப்பு. இந்தக் கடைசி வகையில், முதல் தலைப்பாகிய 'பெயர்' என்பது திரையில் சரியாகத் தெரியும். ஆனால் மறைந்திருக்கும் குறியும் சேர்ந்துகொள்வதால் 'பெயர் என்ற கட்டத்தைக் காணோம்' என்று நம் பொறி முதல் நாளில் முறையிட்டது.

மிகப் பெரிய கோப்பையும் சோதித்தாக வேண்டும். இதற்கு ஒரு பெரும் படிப்பினை உண்டு. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் கொரோனா நோயாளர் பட்டியலைப் பழைய வகைக் கணக்குத்தாள் கோப்பில் ஏற்றினார்கள். அவ்வகைக் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிகுந்தவை சத்தமின்றி விடுபட்டன. 15,841 நோயாளரின் விவரம் பல நாட்கள் தாமதமாயிற்று. அவர்களோடு பழகியவர்களை அத்தனை நாளும் எவரும் எச்சரிக்கவில்லை. ஆகவே நம் அறிக்கையின் முதல் வரி எப்போதும், 'பெற்ற வரிசைகள் இத்தனை' என்பதே. எழுத்தர் தம் பட்டியலின் எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சோதனைக் கோப்புகளுக்கு வலிமை உண்டா என்று அறிய ஓர் உபாயம் உண்டு. நிரலில் வேண்டுமென்றே ஒரு விதியைக் கெடுத்துவிட்டு, சோதனைக் கோப்புகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். எவையும் கூச்சலிடாவிட்டால் அந்த விதியைக் காக்கும் சோதனை நம்மிடம் இல்லை என்று பொருள். இம்முறையில் நம் குறைகள் சில வெளிவந்தன.

சோதனைக்கென்று உண்மையான மனிதரின் ஆதார் எண்ணையோ கணக்கு எண்ணையோ பயன்படுத்துவது தகாது. 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும், அது இல்லாவிடினும் இது மரியாதையன்று. ஆனால் கணக்கிட்டு நாமே ஓர் எண்ணை உண்டாக்கினால், தற்செயலாக அது யாரோ ஒருவருடையதாக இருக்கக்கூடும். ஆதார் எண் எதுவும் 0-இலோ 1-இலோ தொடங்குவதில்லை. ஆகவே சோதனை இலக்கத்தைக் கணக்கிடும் பகுதியை அத்தகைய எண்களைக் கொண்டு தனியே சோதித்தோம். '0, 1-இல் தொடங்கலாகாது' என்ற விதியை வேறாகச் சோதித்தோம். அனுப்பப்படும் கோப்பும் அறிக்கை போனவுடன் அழிக்கப்படுகிறது. அறிக்கையில் ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களே தோன்றும்.

நம் பொறி செய்த தவறுகள்

இவ்வளவு செய்தும் இரண்டு தவறுகள் நேர்ந்தன. அவற்றை மறைப்பதில் பயனில்லை.

பெயருக்கும் ஊருக்கும் முப்பது எழுத்து போதும் என்று ஒரு விதி வைத்திருந்தோம். முப்பது எழுத்தில் ஊர்ப்பெயர் எதுவும் நம் நாட்டில் அடங்கிவிடும் என்று நம்பினோம். கோடம்பாக்கம் என்பதில் நமக்கு ஏழே எழுத்து. யூனிகோடில் புள்ளியும் காலும் தனித்தனிக் குறியீடுகள் ஆதலால் அது பன்னிரண்டு. அதைச் சேமித்து வைக்கும் முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று இடம் வேண்டும் ஆதலால் முப்பத்தாறு. நம் நிரல் எண்ணியது இந்தக் கடைசிக் கணக்கை. நாம் அமர்ந்திருந்த ஊரின் பெயரையே நம் பொறி 'நீளம் மிகுந்தது' என்று ஏற்க மறுத்தது! சோதனைக் கோப்புகளில் நாம் 'மணி', 'கலா' என்று சிறு பெயர்களையே எழுதி வைத்திருந்ததுதான் காரணம். இங்கேனும் பொறி மறுத்துக் கூறியது. மறுக்காமல் முப்பதாம் இடத்தில் வெட்டிச் சேமிக்கும் நிரலாக இருந்திருந்தால் 'கோடம்பாக்க' என்று நின்றிருக்கும்.

இரண்டாவது தவறு இன்னும் வெட்கத்துக்குரியது. ஒரே புல எண் இரண்டு வரியில் வந்தால் அது இரட்டைப் பதிவு, ஆகவே பிழை என்று விதி செய்திருந்தோம். ஓர் ஒன்றியத்திலிருந்து வந்த பயிர்ச்சேதப் பட்டியலில் ஏராளமான வரிகளைப் பொறி தள்ளிவிட்டது. அங்கிருந்த எழுத்தர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, கூட்டுப் பட்டா என்று நீங்கள் கேள்விப்பட்டதே இல்லையா? அண்ணன் தம்பி நான்கு பேர் ஒரே புலத்தில் பயிரிடுகிறார்கள். இதை நான் எங்கே போய்த் திருத்துவது?" என்று கேட்டார். நமக்குப் பதில் இல்லை. பட்டாவைப் பார்த்தறியாதவர்கள் சென்னையில் அமர்ந்து பட்டாவுக்கு விதி எழுதினால் இப்படித்தான் ஆகும்.

அன்றே விதியை மாற்றினோம். ஒரே புல எண் பல வரியில் வரலாம். ஆனால் அந்த வரிகளின் பரப்பைக் கூட்டினால், 'அ' பதிவேட்டில் அந்த உட்பிரிவுக்குள்ள மொத்தப் பரப்பை மிஞ்சலாகாது. இந்தப் புது விதி எதிர்பாராத நன்மையும் செய்தது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கிறது. நம் பேச்சோ ஏக்கர், சென்ட் கணக்கு. ஓர் ஏக்கர் என்பது சுமார் 40.5 ஏர். பட்டாவில் 0.40.50 என்று உள்ளதை, ஹெக்டேர் கட்டத்தில் ஏக்கர் கணக்காக 1.00 என்று ஒருவர் எழுதிவிட்டால் நிலம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும். தனியே பார்த்தால் ஒரு ஹெக்டேர் என்பதில் குற்றம் இல்லை. மொத்தப் பரப்போடு ஒப்பிடும்போதுதான் அது அகப்படுகிறது.

இதிலிருந்து பிழை, எச்சரிக்கை என்று அறிக்கையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஒரே கிராமத்தில் முருகன், தந்தை பெயர் சுப்பிரமணி என்று இருவர் இருப்பது அதிசயமன்று. அதை எச்சரிக்கையாக மட்டும் காட்டுகிறோம். எழுத்தர் விசாரித்து 'இருவர்தாம்' என்று குறித்தால் கோப்பு மேலே செல்லும்.

பொறியால் ஆகாதது

பிரதம மந்திரியின் உழவர் உதவித் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணையாக, உழவரின் வங்கிக் கணக்கில் சேரும். 2020-ஆம் ஆண்டில், கொரோனா ஊரடங்குக் காலத்தில், தமிழ்நாட்டில் இத்திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களில் சுமார் ஐந்தரை லட்சம் பேர் தகுதியற்றவர்கள் என்று கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் ரூ.110 கோடி தகாத வழியில் போயிருந்ததாக வேளாண்மைத் துறைச் செயலாளர் அவ்வாண்டு செப்டம்பரில் அறிவித்தார். அதிகாரிகளுக்குரிய கடவுச்சொற்களை இடைத்தரகர்கள் கையாண்டிருந்தனர். சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது, பலர் வேலை இழந்தனர், பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது.

அந்தப் பதிவுகள் நம் பொறியிடம் வந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? ஆதார் எண் சரியானது, கணக்கு எண் சரியானது, கிளைக் குறியீடு நடப்பில் உள்ளது. மனிதர்களும் உண்மையானவர்களே. நிலம் மட்டும் அவர்களுக்கு இல்லை, அல்லது வேறு வகையில் தகுதி இல்லை. வடிவைப் பார்க்கும் பொறி அவற்றில் மிகப் பலவற்றை 'குற்றமில்லை' என்று அனுப்பியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். நிலப் பதிவேட்டோடு ஒப்பிடும் விதி இருந்தால் ஒரு பகுதி தடைப்பட்டிருக்கலாம். 2025-ஆம் ஆண்டில் உழவர்களுக்குத் தனி அடையாள எண் அளிக்க நடந்த முகாம்களில் நில விவரத்தையும் ஆதாரையும் இணைத்துப் பதிந்தது இந்த நோக்கத்துக்கு உதவக்கூடியது. ஆனால் பூட்டின் சாவி தரகரிடம் இருக்கும்போது கதவின் உறுதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அந்த ஐந்தரை லட்சம் பெயர்களில் தம் ஊர்ப்பெயர்களை ஒருவர் வாசிக்கக் கேட்டிருந்தால், நிலமில்லாதவர் யார் என்று ஊரில் எவரும் சொல்லியிருப்பார். நம் மாநிலத்தில் கிராம சபை 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்கள் அதற்கென்று குறிக்கப்பட்டவை. பயனாளர் பட்டியலை அங்கே பெயர், புல எண், பரப்பு ஆகியவற்றோடு உரக்க வாசிக்கும்படி கேட்பது உறுப்பினர்களின் உரிமை. ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மட்டும் வாசிக்கலாகாது. புல எண்ணுக்குப் பதில் 'மார்ச் 5' என்று வாசிக்கப்பட்டால் சபையோர் சிரிக்கலாம். ஆனால் அந்த வரியைக் குறித்துக்கொண்டு, அந்த நிலத்துக்கு உரியவரைப் பட்டாவோடு வரச்சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் பட்டியல் தயாரிக்கும் நாளில் ஒன்று கவனித்தால் வேலை பெரிதும் குறையும். கணக்குத்தாளில் ஓர் எண்ணும் தட்டுவதற்கு முன்பே, புல எண், கணக்கு எண், ஆதார் எண் ஆகிய மூன்று பத்திகளையும் தேர்ந்தெடுத்து, அவை எண்கள் அல்ல, 'எழுத்து' என்று அமைத்துவிட வேண்டும். தட்டிய பிறகு அமைத்தால் பயனில்லை. விழுந்த சுழியமும் தேதியான புலமும் திரும்பி வரமாட்டா. பிறரிடமிருந்து வந்த எழுத்துக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கலாகாது. கணக்குத்தாளில் வெளிக்கோப்பை உள்ளே கொண்டுவரும் வசதியைப் பயன்படுத்தி, அங்கும் இந்தப் பத்திகளை 'எழுத்து' என்று குறித்த பிறகே திறக்க வேண்டும். பார்த்துவிட்டு மூடும்போது 'சேமிக்கட்டுமா?' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.